எழுபத்திரண்டில் ஒரு பங்கு விமானம்

பள்ளிச் சுவரில் தொங்கும் நிலப்படத்தின் அடியில் ஓர் அளவுகோடு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரு சென்டிமீட்டர் இத்தனை கிலோமீட்டருக்குச் சமம் என்று அதனருகே குறித்திருப்பார்கள். படத்தில் இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தொலைவை அடிக்கோலால் அளந்து, அந்த எண்ணால் பெருக்கினால் உண்மையான தொலைவு கிடைத்துவிடுகிறது. நிலப்படம் தட்டையானது. ஆகவே அதில் இந்த ஒரு பெருக்கல் போதும். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள ஒரு பொருளை, அதுவும் எடையும் வேகமும் உள்ள ஓர் எந்திரத்தை, அச்சு அசலாகச் சுருக்கி மேசைமேல் வைக்க முயன்றால் என்ன ஆகும்? எல்லாமே ஒரே அளவில் சுருங்குமா?

இக்கேள்விக்கு விடை காண ஒரு போர்க்கால விமானத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய 'லங்காஸ்டர்' என்னும் குண்டுவீச்சு விமானம் அது. ஆவ்ரோ நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ராய் சாட்விக் உருவாக்கிய இவ்விமானம் 1941 ஜனவரி 9ஆம் நாள் முதன்முதலில் பறந்தது. மொத்தம் 7,377 விமானங்கள் கட்டப்பட்டன. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,280 குதிரைத்திறன் உடையது. விமானி, எஞ்சின் பொறியாளர், வழிகாட்டி, குண்டெறிபவர், வானொலி இயக்குபவர், துப்பாக்கி வீரர் இருவர் என ஏழு பேர் இதில் சென்றார்கள். உலகெங்கும் மாதிரி விமானம் செய்வோர் பெரிதும் விரும்பிச் செய்யும் உருவங்களில் இதுவும் ஒன்று.

எழுபத்திரண்டு ஏன்?

மாதிரி விமானங்களுக்குப் பல அளவுத் திட்டங்கள் வழக்கில் உள்ளன. 72இல் 1 பங்கு என்பது அவற்றுள் மிகவும் பழக்கமானது. இந்த எண் வானத்திலிருந்து குதித்ததன்று. ஆறு அடி என்பது 72 அங்குலம். ஆறு அடி உயரமுள்ள மனிதன் இந்த அளவில் சரியாக ஓர் அங்குலம் ஆகிவிடுகிறான். அடி, அங்குலக் கணக்கில் வேலை செய்த பிரிட்டனில் இது வசதியாக இருந்தது. 1932இல் அங்கே இந்த அளவில் மரத்தாலான மாதிரிகள் விற்பனைக்கு வந்தன. 1936இல் செல்லுலோஸ் அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன உறுப்புகள் பெட்டியில் வந்தன. 1958இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் பாலிஸ்டைரீனில் வார்த்த லங்காஸ்டர் உறுப்புகளை இதே அளவில் வெளியிட்டது.

இடையே போர் வந்தபோது இந்த விளையாட்டுப் பொருளுக்குக் கடுமையான ஒரு வேலை கிடைத்தது. வானில் தொலைவில் தெரியும் விமானம் தம்முடையதா, பகைவருடையதா என்று வீரர்கள் நொடியில் அடையாளம் காண வேண்டியிருந்தது. 1942இல் அமெரிக்கக் கடற்படை, 72இல் 1 பங்கு அளவில் ஐந்து லட்சம் மாதிரிகளைச் செய்து தரும்படி அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கேட்டுக்கொண்டது. மாதிரியை 35 அடி தொலைவில் வைத்துப் பார்த்தால், 35 x 72 = 2,520 அடிக்கு அப்பால், அதாவது ஏறத்தாழ அரை மைலில், உண்மை விமானம் எந்த அளவில் தெரியுமோ அதே அளவில் தெரியும். கண்ணில் ஒரு பொருள் அமைக்கும் கோணம், அதன் நீளத்தையும் தொலைவையும் மட்டுமே பொறுத்தது. இரண்டையும் 72ஆல் வகுத்தால் கோணம் மாறாது. எனவே, *பார்வையைப் பொறுத்தவரை* மாதிரி முழு உண்மை பேசுகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

நீளத்தை வகுப்போம்

முதல் வேலை எளிது. உண்மை விமானத்தின் ஒவ்வொரு நீளத்தையும் 72ஆல் வகுக்க வேண்டும்.

இறக்கைகளின் இரு முனைகளுக்கு இடையே: 31.09 மீ. மாதிரியில் 43.2 செ.மீ.
மூக்கிலிருந்து வால் வரை: 21.1 மீ. மாதிரியில் 29.3 செ.மீ.
உந்து விசிறியின் விட்டம்: 3.96 மீ. மாதிரியில் 5.5 செ.மீ.
விமானியின் உயரம்: 1.75 மீ. எனில் மாதிரியில் 2.4 செ.மீ.

இதுவரை சிக்கல் இல்லை. இனிச் சிறிய உறுப்புகளுக்கு வருவோம். லங்காஸ்டரின் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் 7.7 மி.மீ.; மாதிரியில் அது 0.1 மி.மீ. விமானத்தின் உடலைப் போர்த்தியுள்ள அலுமினியத் தகட்டின் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்று கொண்டால், மாதிரியில் அது 0.014 மி.மீ. ஆக வேண்டும். இவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக் சுவரை வார்க்க இயலாது. கடையில் கிடைக்கும் உறுப்புகளின் சுவர் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்திருக்கும். அதை 72ஆல் பெருக்கிப் பாருங்கள்: 7 சென்டிமீட்டருக்கும் மேல்! விமானத் தகடு போர்க்கப்பலின் கவசம் போல் ஆகிவிட்டது.

வண்ணப்பூச்சின் கதை இன்னும் வேடிக்கையானது. உண்மை விமானத்தில் பூச்சின் தடிமன் 0.05 மி.மீ. என்று கொண்டால், மாதிரியில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஏழு பங்கு. சிவப்பு ஒளியின் அலைநீளமும் ஏறத்தாழ இதுவே! ஒளியலை ஒன்றின் நீளத்துக்கு மெல்லியதாக யாரால் வண்ணம் பூச முடியும்? நாம் எவ்வளவு கவனமாகத் தெளித்தாலும் 0.03 மி.மீ. படிந்துவிடும். உண்மை விமானத்தின்மேல் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு வண்ணத்தை அப்பியதற்கு அது சமம். மாதிரி செய்வோர் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, மெல்லிய படலங்களாகப் பூச வேண்டும் என்று வற்புறுத்துவதன் காரணம் இதுதான். தடித்த பூச்சு நுண்ணிய விளிம்புகளையெல்லாம் மூடிவிடும்.

எதைச் செய்வது, எதை விடுவது?

எல்லாவற்றையும் சுருக்க முடியாது என்றால் எதை விட்டுவிடலாம்? இதற்கு நம் கண்ணே ஓர் அளவுகோலைத் தருகிறது. நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். மாதிரியை அரை மீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கும்போது, இக்கோணம் ஏறத்தாழ 0.15 மி.மீ. நீளத்தைக் குறிக்கிறது. அரை மீட்டர் என்பது மாதிரியின் உலகில் 36 மீட்டர். 36 மீட்டர் தொலைவில் நிற்கும் உண்மை விமானத்தில் ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய நுணுக்கங்கள் கண்ணுக்குப் பிரிந்து தெரியா.

இதிலிருந்து ஒரு பயனுள்ள விதி கிடைக்கிறது. தகடுகளை இணைக்கும் ஆணிகளின் கொண்டை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆயிரக்கணக்கான ஆணிகளை மாதிரியில் குத்திவைக்கப் பாடுபட்டால், அந்த மாதிரி உண்மையை விட்டு விலகித்தான் போகும். தகடுகள் கூடும் இடத்தில் 0.2 மி.மீ. அகலத்துக்குக் கோடு கீறினால், அது உண்மை விமானத்தில் 14 மி.மீ. அகலமான பிளவு. அப்படி ஒரு விமானத்தில் யார் ஏறுவார்கள்? ஆகவே கோட்டை இயன்றவரை மெல்லியதாகக் கீறுங்கள். எவ்வளவு நுணுக்கங்கள் உள்ளன என்பதைக் காட்டிலும், அந்தத் தொலைவிலிருந்து தெரிய வேண்டியவை தெரிகின்றனவா என்பதே முக்கியம்.

வேலையின் வரிசை

இனிச் செய்முறைக்கு வருவோம். உடற்பகுதி இடம், வலம் என இரண்டு பாதிகளாக இருக்கும். ஒட்டிவிட்டால் உள்ளே கை நுழையாது. எனவே இருக்கைகள், கருவிப் பலகை, வழிகாட்டியின் மேசை ஆகியவற்றை முதலிலேயே செய்து, வண்ணம் தீட்டி, உள்ளே பொருத்திவிட வேண்டும். பாலிஸ்டைரீனுக்கான பசை உண்மையில் ஒரு கரைப்பான். அது இரு பரப்புகளையும் சிறிது கரைக்கிறது. கரைந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டாகிவிடுகின்றன. ஆகவே பசையைக் குறைவாகத் தடவுங்கள். அதன் ஆவி உடலுக்குத் தீங்கானது. சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

லங்காஸ்டரின் இறக்கை, நடுப்பகுதியில் கிடையாகவும் வெளிப்பகுதியில் சற்று மேல்நோக்கிச் சாய்ந்தும் இருக்கும். இச்சாய்வு இருபுறமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க, மேசையிலிருந்து இரு முனைகளின் உயரத்தையும் அளந்து ஒப்பிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டாலும் உண்மை விமானத்தில் அது 7 சென்டிமீட்டர். இறக்கையின் பின்விளிம்பை அரத்தால் தேய்த்துக் கூர்மையாக்குங்கள். அரை மில்லிமீட்டர் தடித்த விளிம்பு, பறக்கும் விமானத்தில் மூன்றரை சென்டிமீட்டர் தடித்த விளிம்பாகும்.

துப்பாக்கிக் குழலுக்கு, மருந்து ஏற்றப் பயன்படும் மெல்லிய ஊசிக் குழாயைப் பயன்படுத்தாதவை பார்த்து, புதியதாக வாங்கி, முனையை அறுத்து நீக்கிப் பொருத்தலாம். வானொலிக் கம்பிக்குத் தலைமுடி போதாதா என்று கேட்கலாம். முடியின் தடிமன் 0.07 மி.மீ.; மாதிரியின் உலகில் அது 5 மி.மீ. கயிறு! அதைவிட மெல்லிய இழை வேண்டுமானால், உறுப்புகளைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டு ஒன்றை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே பிடித்து, இளகியதும் இரு கைகளாலும் மெல்ல இழுக்க வேண்டும். சிலந்தி நூல் போன்ற இழை கிடைக்கும். கண்ணாடி போன்ற உறுப்புகளுக்குக் கரைப்பான் பசை ஆகாது. அதன் ஆவி அவற்றை மங்கச் செய்யும். அவற்றுக்கு, காய்ந்தபின் நிறமின்றிப் போகும் வெள்ளைப் பசையே ஏற்றது.

மேற்புறத்துக்கு மண் பழுப்பும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக, அடிப்புறத்துக்குக் கருப்பு. தரையில் நிற்கும்போது மேலிருந்து பார்ப்பவருக்கு வயலோடு வயலாகவும், இரவில் கீழிருந்து பார்ப்பவருக்கு இருளோடு இருளாகவும் தோன்ற வேண்டும் என்பது இவ்வண்ணங்களின் நோக்கம்.

எடைக்கு வேறு கணக்கு

இப்போது மாதிரியைத் தராசில் வைப்போம். லங்காஸ்டரின் வெற்று எடை ஏறத்தாழ 16,700 கிலோகிராம். மாதிரியின் எடை இதில் 72இல் ஒரு பங்கு, அதாவது 232 கிலோகிராம் இருக்க வேண்டுமா? நிச்சயமாக இல்லை. எடை கனஅளவைப் பொறுத்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 72இல் ஒரு பங்கானால், கனஅளவு 72 x 72 x 72 = 3,73,248இல் ஒரு பங்காகிறது. ஆகவே முறையாகச் சுருங்கிய லங்காஸ்டரின் எடை 45 கிராம்தான்! எரிபொருளும் குண்டுகளும் ஏற்றி 28,600 கிலோகிராமுடன் புறப்படும் விமானமும் மாதிரியில் 77 கிராமுக்குள் அடங்கிவிடும். தடித்த சுவரையுடைய பிளாஸ்டிக் மாதிரி இதைக் காட்டிலும் மிகவும் கனமானது.

பரப்பு 72 x 72 = 5,184இல் ஒரு பங்காகக் குறைகிறது. 120.5 சதுர மீட்டர் இறக்கைப் பரப்பு, 232 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. எடை மும்மடியாகவும் பரப்பு இருமடியாகவும் குறைவதால், ஓர் உறுப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் தாங்கவேண்டிய சுமை 72இல் ஒரு பங்காகிவிடுகிறது. விமானத்தின் சக்கரக் கால்கள் மாதிரியில் குச்சி போல் இருந்தும் வளையாமல் நிற்பது இதனால்தான். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையை விளக்கியுள்ளார்: பெரிய விலங்கின் எலும்பு, சிறிய விலங்கின் எலும்பைப் போல் பெருக்கப்பட்டதாக இருந்தால் போதாது, விகிதத்தில் இன்னும் தடித்திருக்க வேண்டும். மேசைமேல் உறுதியாக நிற்கும் மாதிரி, உண்மை விமானத்தின் உறுதிக்குச் சான்றாகாது.

காலமும் சுருங்குகிறது

18.3 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருளை விட்டால், காற்றின் தடையைப் புறக்கணித்தால், அது தரையை அடைய 1.93 நொடி ஆகும். மாதிரியில் அந்த உயரம் 25.4 செ.மீ. அங்கிருந்து விழும் பொருள் 0.23 நொடியில் தரையைத் தொட்டுவிடுகிறது. காலம் 72இல் ஒரு பங்காகக் குறையவில்லை, 8.5இல் ஒரு பங்காகவே குறைந்துள்ளது. 8.5 என்பது 72இன் வர்க்கமூலம். புவியீர்ப்பு முடுக்கத்தை நாம் சுருக்க முடியாதாகையால், காலத்துக்கும் வேகத்துக்கும் வர்க்கமூலக் கணக்கு வந்துவிடுகிறது. திரைப்படங்களில் சிறிய மாதிரிகளைக் கொண்டு விபத்துக் காட்சிகளை எடுப்போர் இதை நன்கு அறிவர். நொடிக்கு 24 படங்கள் என்னும் வழக்கமான வேகத்தில் எடுத்தால் மாதிரி பொம்மை போலப் பொத்தென்று விழும். 72இல் 1 பங்கு மாதிரியை நொடிக்கு ஏறத்தாழ 204 படங்களாக எடுத்து, 24 படங்களாக ஓட்டினால்தான் பெரிய விமானத்தின் கம்பீரம் வரும்.

கப்பல் மாதிரிகளை நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்த்து இந்த வர்க்கமூல விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் ஃப்ரூட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். 1870களின் தொடக்கத்தில் டார்கி நகரில் அவர் அமைத்த தொட்டி, கப்பல் கட்டும் கலையையே மாற்றியது.

காற்று மட்டும் சுருங்குவதில்லை

அப்படியானால் 77 கிராம் எடையில் ஒரு மாதிரியைச் செய்து, மணிக்கு 340 கி.மீ. வேகத்துக்குப் பதில் 40 கி.மீ. வேகத்தில் பறக்கவிட்டால் அது லங்காஸ்டரைப் போலவே பறக்குமா? பறக்காது. விமானத்தைச் சுருக்கினோம், காற்றைச் சுருக்கவில்லை. காற்றுக்குச் சிறிதளவு பிசுபிசுப்பு உண்டு. இயங்கும் காற்றின் உந்தத்துக்கும் இப்பிசுபிசுப்புக்கும் உள்ள விகிதத்தை 'ரெனால்ட்ஸ் எண்' என்பர். நீளத்தை வேகத்தால் பெருக்கிக் கிடைப்பதற்கு ஏற்ப இவ்வெண் அமையும். லங்காஸ்டரின் இறக்கைக்கு இது இரண்டு கோடிக்கும் மேல். நம் மாதிரிக்கோ ஏறத்தாழ 40,000. காற்று அம்மாதிரிக்குச் சற்றே நெய் போலத் தோன்றும். பெரிய இறக்கையைத் தழுவிச் செல்லும் காற்றோட்டம் சிறிய இறக்கையைவிட்டு எளிதில் பிரிந்துவிடும்.

வேகத்தை 72 மடங்காக்கினால் எண் சமமாகுமே எனலாம். ஆனால் அவ்வேகம் மணிக்கு 24,000 கி.மீ.க்கு மேல், ஒலியின் வேகத்தைப்போல் இருபது மடங்கு! அங்கே காற்றின் இயல்பே வேறு. அமெரிக்காவில் 1920களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். காற்றுச் சுரங்கத்தை ஓர் எஃகுத் தொட்டிக்குள் அமைத்து, உள்ளே காற்றை இருபது மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினார்கள். காற்றின் அடர்த்தி கூடியதும் ரெனால்ட்ஸ் எண்ணும் கூடியது. சுருக்க முடியாத காற்றை அவர்கள் செறிவாக்கிக் கொண்டார்கள்.

மாதிரிகள் சொன்ன விடை

மாதிரி பொய் சொல்லக்கூடியது என்பதைக் கண்டோம். ஆனால் தகுந்த கேள்வியைத் தகுந்த விதிப்படி கேட்டால் அது மெய்யே சொல்லும். லங்காஸ்டரின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு.

ஜெர்மனியின் தொழிற்பேட்டைக்கு நீர் வழங்கிய மோனே அணை 40 மீட்டர் உயரமுள்ளது. அடியில் 34 மீட்டர் தடித்தது. அதை உடைக்க எவ்வளவு வெடிமருந்து தேவை? பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் எழுப்பிய இக்கேள்விக்கு விடை காண, பிரிட்டனின் கட்டட ஆய்வு நிலையத்தில் 50இல் 1 பங்கு அளவில் அணையைச் சின்னஞ்சிறு கற்களால் கட்டிச் சோதித்தார்கள். 1942 ஜூலையில் வேல்ஸ் நாட்டில் கைவிடப்பட்ட நான்ட்-இ-குரோ என்னும் சிற்றணையில், மோனே அணையின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவில், சோதனை நடந்தது. சுவரைத் தொட்டபடி நீருக்குள் வெடிக்கும் மருந்து, சற்று விலகி வெடிப்பதைவிடப் பன்மடங்கு வலியது என்று இச்சோதனைகள் காட்டின. குண்டு நீர்மேல் தத்திச் சென்று சுவரை அடைய வேண்டும். பின்னோக்கிச் சுழலும் உருளையே அதற்கு ஏற்றது என்பதை டெடிங்டன் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கப்பல் தொட்டியில் மாதிரிகள் தெரிவித்தன. ஃப்ரூட் வகுத்த வழியில் அமைந்த தொட்டி அது.

1943 மே 16 இரவு 19 லங்காஸ்டர்கள் 133 வீரர்களுடன் புறப்பட்டன. ஒவ்வொன்றிலும் 4,200 கிலோகிராம் எடையுள்ள உருளை, நிமிடத்துக்கு 500 சுற்று சுழன்றது. விமானம் நீருக்கு மேல் 18.3 மீட்டரில் பறக்கிறதா என்று அறிய, அடியில் பொருத்திய இரண்டு விளக்குகளின் ஒளிப்பொட்டுகள் நீரின்மேல் ஒன்றாய்ச் சேர்கின்றனவா என்று பார்த்தார்கள். மோனே, எடர் என்னும் இரண்டு அணைகள் உடைந்தன. மாதிரிகள் கூறியது மெய்யாயிற்று. எட்டு விமானங்கள் திரும்பவில்லை. 53 வீரர்கள் மாண்டனர். அணைகளுக்குக் கீழே வெள்ளத்தில் இறந்தோர் 1,300 பேருக்கும் மேல். அவர்களில் பலர், ஜெர்மனியில் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டிருந்த அயல்நாட்டவர். ஆய்வகத்து மாதிரியில் அணைக்குக் கீழே ஊர் இல்லை.

0.7 மில்லிமீட்டர்

நம் மாதிரியில் இன்னும் ஒரு சிறு உறுப்பு மீதியிருக்கிறது. லங்காஸ்டரின் மூக்கின் அடியில் ஒரு தப்பும் வழி உண்டு. விமானம் தீப்பற்றினால், முன்புறம் இருப்பவர்கள் இதைத் திறந்து பாராசூட்டுடன் குதிக்க வேண்டும். அதன் அகலம் 22 அங்குலம்; நீளம் 26½ அங்குலம். மாதிரியில் 7.8 மி.மீ. அகலம், 9.3 மி.மீ. நீளம். பெரும்பாலோர் இதை ஒரு கீறலாகக் காட்டிவிட்டு மேலே போய்விடுவார்கள்.

1943இல் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையின் ஆய்வுப் பிரிவில் ஃப்ரீமன் டைசன் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் பணியில் சேர்ந்தார். பிற்காலத்தில் புகழ்பெற்ற இயற்பியலறிஞர் ஆனவர் இவரே. சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களிலிருந்து எத்தனை பேர் உயிர் தப்பினர் என்னும் கணக்கு அங்கே பார்க்கப்பட்டது. ஹாலிஃபாக்ஸ், ஸ்டர்லிங் என்னும் பழைய விமானங்களில் நூற்றுக்கு 25 பேர் தப்பினர். புதியதும் சிறந்ததுமான லங்காஸ்டரில் தப்பியவர் நூற்றுக்கு 15 பேர்தான். ஏழு பேரில் ஒருவர்! இதற்கு முக்கிய காரணம் தப்பும் வழியின் குறுகலே என்று டைசன் பின்னர் எழுதினார். ஹாலிஃபாக்ஸின் வழி 24 அங்குல அகலம். லங்காஸ்டரின் வழி 22. வேறுபாடு இரண்டே அங்குலம். வழியை அகலமாக்க வேண்டும் என்று அவருடைய தோழர் ஒருவர் அதிகாரிகளிடம் நெடுங்காலம் போராடினார். இறுதியில் வென்றார்; ஆனால் அதற்குள் போர் முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. அப்படையின் விமான வீரர்களாகப் பணியாற்றிய ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் போரில் மாண்டனர்.

அந்த இரண்டு அங்குலம் நம் மாதிரியில் 0.7 மி.மீ. அரத்தின் இரண்டு இழுப்பில் தேய்ந்துபோகும் அளவு! இறக்கையின் முனையில் இவ்வளவு பிழை நேர்ந்தால் ஒருவரும் பொருட்படுத்தார். ஆனால் இங்கே அந்த 0.7 மில்லிமீட்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பது மனித உயிர். நீளங்கள் எல்லாம் ஒரே எண்ணால் வகுபடும் என்றாலும், எல்லா நீளங்களும் ஒரே முக்கியத்துவம் உடையவை அல்ல. எந்த அளவில் பிழை பொறுக்கலாம், எங்கே கூடாது என்பதை அடிக்கோல் சொல்லாது. அந்த உறுப்பின் வேலை என்ன என்று தெரிந்தால்தான் அது விளங்கும்.

எனவே, நண்பர்களே, உங்கள் மாதிரியைப் பார்த்து 'அசல் போலவே இருக்கிறதே' என்று யாரேனும் பாராட்டினால், 'எதில்?' என்று கேளுங்கள். தோற்றத்தில் ஆம். எடையில் இல்லை. உறுதியில் இல்லை. பறக்கும் இயல்பில் இல்லவே இல்லை. மாதிரி எதில் மெய், எதில் பொய் என்று சொல்லத் தெரிந்தவரே அதை முழுமையாகச் செய்து முடித்தவர்.

பிளாஸ்டிக் உறுப்புகள் கிடைக்காதவர்களும் லங்காஸ்டரின் ஒரு பகுதியையேனும் செய்து பார்க்கலாம். அதற்கு அளவுத் திட்டமும் தேவையில்லை. பெரிய அட்டைப் பெட்டி ஒன்றில் 56 செ.மீ. அகலமும் 67 செ.மீ. நீளமும் உள்ள ஒரு துளையை வெட்டுங்கள். கம்பளிச் சட்டை ஒன்றின்மேல் மற்றொன்றாக இரண்டு மூன்றை அணிந்து, புத்தகப் பையை மார்போடு கட்டிக்கொண்டு, அட்டையைத் தொடாமல் அதனுள் நுழைந்து வெளியேறப் பாருங்கள். எத்தனை நொடி ஆகிறது என்று நண்பர் கடிகாரத்தில் பார்க்கட்டும். பிறகு அகலத்தை 61 செ.மீ. ஆக்கி மீண்டும் முயலுங்கள். இரண்டு நேரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.